அக்காவை லிப்ஸ்டிக் கொல்லவில்லை

முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவிடம் மீன் வாங்கியவர்களுக்கும், அக்கா கையால் கல்யாண அலங்காரம் செய்துகொண்ட பெண்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

இந்த நினைவு மலரை அச்சடிக்கும் பொறுப்பை ஏற்ற சித்தப்பா என்னிடம், "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. அந்த லிப்ஸ்டிக் சமாச்சாரம் மட்டும் வேணாம்" என்றார். மன்னிக்க வேண்டும் சித்தப்பா. நான் எழுத வேண்டியதே அதைப் பற்றித்தான்.

லிப்ஸ்டிக் போட்டுப் போட்டு அந்த விஷம் ரத்தத்தில் ஏறி அக்கா இறந்துவிட்டார் என்று ஒரு வருடமாக ஒரு பேச்சு ஓடுகிறது. பேசியவர்கள் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அதை நம்பிக்கொண்டு ஒரு மனிதர் போன மாதம் வரை உட்கார்ந்திருந்தார். அவர் அக்காவின் கணவர், என் மாமா. லிப்ஸ்டிக்கை வாங்கிக் கொடுத்தவர் அவர் என்பதால், மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா எதனால் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் போன அன்றே தெரியும். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அக்கா பழவேற்காட்டில் ஏரிக்கரை வீட்டில் பிறந்தார். எங்கள் நைனா ஏரியில் இறால் பிடித்தவர். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் மூடிவிட்ட வருடங்களில் ஏரியில் இறால் கிடைக்காது, எங்களுக்கு ஒரு வேளைச் சோறுதான். அக்கா பத்தாவது முடித்ததும் படிப்பை விட்டுவிட்டுப் பொன்னேரியில் ஒரு பியூட்டி பார்லரில் சேர்ந்தார். முதல் வருடம் தரையில் கிடக்கும் முடியைப் பெருக்கினார். பிறகு நூல் பிடித்துப் புருவம் எடுக்கக் கற்றார். பிறகு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம். காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்புவார். நான் பன்னிரண்டாவது வரை படித்தது அந்தச் சம்பளத்தில். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான் அவருக்குச் செய்தது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லிப்ஸ்டிக் பைத்தியம் பார்லரில்தான் பிடித்தது. தீர்ந்துபோன குப்பிகளின் அடியில் ஒட்டியிருப்பதைத் தீக்குச்சியால் வழித்தெடுத்து, கரண்டியில் உருக்கி, மாத்திரை டப்பாவில் ஊற்றி வைப்பார். இரண்டு மூன்று நிறங்கள் கலந்து, எந்தக் கடையிலும் இல்லாத ஒரு நிறம் வரும். நான் திட்டுவேன். நானும் திட்டியவள்தான், அதை மறைக்கப் போவதில்லை. "இந்தக் காசுக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுக்கலாமேக்கா" என்பேன். "ஜாக்கெட்ட பாத்து எவடீ சிரிக்கிறா? வாயப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க" என்பார்.

கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனார். மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் சென்னைக்கு மீன் கொண்டுபோனவர், அக்காவுக்காக ஒரு கடையில் ஏறி லிப்ஸ்டிக் கேட்டிருக்கிறார். விற்காமல் கிடந்த ஒன்றைக் கடைக்காரன் அவர் தலையில் கட்டிவிட்டான். கறுப்பும் இல்லாத, சிவப்பும் இல்லாத ஒரு பழுப்பு நிறம். திறந்து பார்த்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாய்யா இது, கருவாட்டு கலரு வாங்கினு வந்துகிற?" ஆனால் அன்று மாலையே அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அதன் பிறகு மாமா எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று வரும். அட்டையில் அச்சடித்த இங்கிலீஷ் பெயர்கள் அக்காவுக்கு வேண்டாம். அவரே பெயர் வைப்பார். வேகவைத்த இறால், சங்கரா மீன், நண்டு ஓடு, செங்கல், பீட்ரூட். தகரக் கூரைக்குக் கீழே வெயில் காலத்தில் லிப்ஸ்டிக் நிற்காது, வழிந்துவிடும். அதனால் மீன் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஐஸ் போட்ட பாட்டிலை ஓரத்தில் வைத்து, அதற்குள் தட்டு அடுக்கி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். எவ்வளவு கழுவினாலும் அந்தப் பெட்டியில் கவிச்சி வாடை போகாது. "வாய்ல மீன் நாத்தம் அடிக்காதாக்கா?" என்று கேட்டேன். "மீன்காரி வாய்ல ரோஜாப்பூவாடீ மணக்கும்?" என்றார்.

மாமா பிடித்துவரும் மீனை விற்கும்போதும் உதட்டுச் சாயத்தோடுதான் உட்காருவார். "இன்னாமே, மீன் விக்க வந்தியா, சினிமா சூட்டிங்குக்கு வந்தியா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ரெண்டுக்கும்தான். சங்கராவுக்குக் காசு குடு, என்னைப் பாக்குறது இனாம்" என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் மீன் வாங்கியதில்லை. மாமாவையும் படகில் கூட வருகிறவர்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். "பொண்டாட்டி உதட்டப் பாத்தே கரைக்கு வழி கண்டுபிடிச்சிடுவியாடா?" என்பார்கள். மாமா வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "லைட்ஹவுஸ் அணைஞ்சாலும் வந்துடுவேன்" என்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அக்கா கேட்ட பேச்சுகளை எல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். எங்கள் அத்தை ஒரு வளைகாப்பில் பத்துப் பேர் நடுவில், "புள்ள இல்லாதவளுக்கு எதுக்குடி வாய்ல சாயம்?" என்றார். அக்கா, "புள்ளைக்கா பூசுறேன் அத்தை? எனக்குப் பூசுறேன்" என்றார். அதே அத்தை தன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே ஆள் அனுப்பி அக்காவை வரவழைத்தார். அக்கா போய்ப் பெண்ணை மகாலட்சுமி மாதிரி உட்காரவைத்தார். கூலி வாங்கவில்லை.

சுற்றியுள்ள குப்பங்களிலும் நெல் விளையும் உள் ஊர்களிலும் எத்தனையோ பெண்களுக்கு அக்கா அலங்காரம் செய்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் மகள் உதட்டில், உங்கள் மருமகள் உதட்டில் இருப்பது அக்காவின் பெட்டியில் இருந்த அதே லிப்ஸ்டிக். விஷம் என்கிறீர்களே, அவர்களில் ஒருத்திக்காவது ஏதாவது ஆனதா?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, ஆடி மாதத்தில், அக்கா பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தார். மீன் கூடையோடு மணலில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் அடைக்கிறது என்றார். கன்னம் இரண்டும் ஒரு மாதிரி சிவப்பாக இருந்தது. குப்பத்தில் அதையும் 'இப்போ கன்னத்துக்கும் சாயம் பூச ஆரம்பிச்சுட்டா' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கன்னத்தில் எதுவும் பூசவில்லை. மாமாவிடம் லிப்ஸ்டிக் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் ரயிலேறிச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா அக்கா முகத்தைப் பார்த்ததும், "உதட்டுல இருக்கறதத் துடைச்சிட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

"நெஞ்சுக்கும் இதுக்கும் இன்னா டாக்டரம்மா?"

"துடைங்க, சொல்றேன்."

அக்கா முந்தானையால் துடைத்தார். சாயம் இல்லாமல் அக்கா உதட்டை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. நாவற்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது. டாக்டரம்மா, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. அக்கா பத்து வயதில் ஒரு மாதம் படுத்திருந்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கும் வால்வைச் சுருக்கிவிட்டது, ரத்தம் சரியாக ஓடவில்லை, அதனால்தான் இந்த நீலம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்தால் சரியாகும், பத்து நாளுக்குள் வீட்டுக்காரரோடு வந்து சேருங்கள் என்றார். நானும் லிப்ஸ்டிக்தான் காரணமோ என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று சொன்னார். இந்த வார்த்தையை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம்.

"அந்தாளுகிட்ட சொல்லாதடீ. சொன்னா கடலுக்குப் போவாம என் பக்கத்துலயே குந்திக்கும்."

"குந்தினா குந்தட்டும்க்கா. பத்து நாள்னு சொன்னாங்க இல்ல?"

"பொங்கலு போவட்டும். நெஞ்சக் கிழிப்பாங்களாமேடீ. எனக்குப் பயமா கீது."

எதற்கும் பயப்படாத அக்கா அப்படிச் சொன்னதும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். ஊர் திரும்பும் வழியில் ஒரு கடையில் நுழைந்து, இதுவரை போடாத அடர்த்தியான நிறத்தில் ஒரு லிப்ஸ்டிக் வாங்கினார். நீலம் தெரியாமல் இருக்க.

அதற்குப் பிறகு நிறம் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளை லிப்ஸ்டிக் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தார், அதை யாரும் திறக்கமாட்டார்கள் என்று. ஒருநாள் நான் போயிருந்தபோது மாமா அக்காவைப் பார்த்து, "இந்த கலரு எடுப்பா கீது" என்றார். அக்கா சிரித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என்னை முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு தடவை போனில் சண்டை போடுவேன். "பொங்கலு போவட்டும்" என்பார். என்ன கண்றாவிப் பொங்கல். மார்கழியிலேயே போய்விட்டார். எனக்கு அக்கா மேலும் கோபம்தான். உதட்டில் ஒரு தீற்றல்கூடப் பிசகாமல் போடத் தெரிந்தவருக்கு, தன் உயிரைப் பார்க்கத் தெரியவில்லை.

அன்று காலை மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் மணலில் சாய்ந்தார். மாமா கடலில் இருந்தார். அக்கம்பக்கத்தார் தூக்கி ஆட்டோவில் போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

குளிப்பாட்டும்போது பெண்கள் மஞ்சள் தேய்த்து, ஈரத்துணியால் உதட்டுச் சாயத்தைத் துடைத்தார்கள். கீழே நீலம். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, பாம்பு தீண்டினா மாதிரி நீலம் பாஞ்சுகீதே! அந்தச் சாயம்தான் என் பொண்ணக் கொன்னுடுச்சு!" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பேச்சு அங்கே ஆரம்பித்தது. நான் கையில் சொம்போடு பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கரையேறிய மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதம் மறைத்ததை அந்த நேரத்தில் சொல்லப் பயந்து பேசாமல் இருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

போன மாதம் இந்த மலருக்குப் படம் கேட்க மாமா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்காவின் பெட்டி.

"இன்னா மாமா பண்றீங்க?"

"பொதைக்கிறேன். சின்னப் பொண்ணுங்க எவளாவது எடுத்துப் பூசிக்கினா? ஒருத்திய சாவடிச்சது போதாதா?"

"யாரு சாவடிச்சது?"

"நான்தான். மொதல்ல வாங்கியாந்தவன் நான்தான?"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நம்பமாட்டார் என்று பெட்டியைத் திறந்து, தட்டைத் தூக்கி, மாத்திரை அட்டைகளைக் காட்டினேன். ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி மாசமா தெரியும் உனக்கு?"

"அக்கா போறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே தெரியும் மாமா."

"பக்கத்துலதான படுத்துனு இருந்தேன். என்கிட்ட சொல்லல." மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நீ போம்மா" என்றார். நான் நின்றேன். "போன்னு சொல்றேன் இல்ல?" என்று கத்தினார். மாமா கத்தி நான் கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவை மணலிலிருந்து தூக்கிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நன்றி. ஏரிப் பாலத்தைத் தாண்டிப் பொன்னேரி வரை எங்கும் நிற்காமல் ஓட்டிய ஆட்டோத் தம்பிக்கு நன்றி. அன்று கடையை மூடிவிட்டு ஓடிவந்த, அக்காவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பார்லர் அம்மாவுக்கு நன்றி. பதினாறு நாளும் அடுப்பை விட்டு நகராமல் சமைத்துப் போட்ட அத்தைக்கும் நன்றி. நீங்கள் பேசியது தப்பு அத்தை, ஆனால் நீங்கள் பார்த்தது பொய்யில்லை. உண்மை தெரிந்தும் சொல்லாதவள் நான்தான். உங்களைவிட என் தப்புதான் பெரியது.

மாமா அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. போனையும் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பாவை அனுப்பி மாமாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்பிடியே போடச் சொல்லு" என்றாராம். மறுநாள் கடலுக்குப் போயிருக்கிறார். ஒரு வருடமாகத் தன் மேல் இருந்த கோபம் இப்போது என் மேல் திரும்பியிருக்கிறது. இருக்கட்டும். இருக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்று படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது மாமாவும் பந்தியில் உட்காருவார். அவர் பக்கத்தில் இலை போட்டு உட்காருகிறவர்கள் தயவுசெய்து இதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். யாருக்காவது கேட்டே ஆக வேண்டும் என்றால் பின்பக்கம் வாருங்கள். நான் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கை