மூன்றாவது பந்தி

எனக்கு வாய் ஜாஸ்தி. சின்ன வயதிலிருந்து எல்லாரும் இதைத் திட்டாகத்தான் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோவைக்கு வெளியே ஒரு குழந்தைகள் இல்லத்தில் அதற்குச் சம்பளமே கொடுத்தார்கள். தனி ஆட்களிடம் நன்கொடை திரட்டும் பிரிவுக்கு நான் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், டைப் அடிக்க ஒரு பெண், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் மில்காரர்கள் தருவதை வைத்தே இல்லம் ஓடிக்கொண்டிருந்தது. மில்கள் தள்ளாட ஆரம்பித்ததும் அந்தக் கை சுருங்கிப்போனது. "இனிமே சாதாரண சனங்களத்தான் கேக்கோணும், அம்மணி. உங்க வாய் இருக்குது, பொழச்சுக்குவோம்" என்றார் செயலாளர். நானும் பொழைக்க வைத்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் சும்மா போய் "ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்று நின்றால் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளைச் சொல்லிக் கேட்டால் கதையே வேறு. அப்பா செத்த திதி, மகள் பிறந்தநாள், கல்யாண நாள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை எழுதி, மாதவாரியாக ஒரு டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். எட்டு நாள் முன்னால் போன் போடுவேன். "ஏனுங்க, அப்பாவோட நாள் வருதுங்களே, கொழந்தைங்களுக்கு ஒரு வேளை சோறு போட்டுப்போடலாமுங்களா?" நாம் மறந்தாலும் இந்தம்மா மறக்கவில்லையே என்று உருகிப்போவார்கள். எனக்கு எங்கே ஞாபகம், அட்டைக்குத்தான் ஞாபகம்.

தொல்லை அமாவாசையில்தான் வந்தது. தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் வந்துவிட்டால் எல்லாருக்கும் அந்த நாளேதான் வேண்டும், அதிலும் மத்தியானச் சோறுதான் வேண்டும். காலை டிபன் போடுங்கள் என்றால் முகம் சுளிப்பார்கள். அடுத்த மாதம் என்றால் வேறு இல்லத்துக்குப் போய்விடுவார்கள். வந்தவரை விட எனக்கு மனசு வருமா? முதல் குடும்பத்துக்குப் பதினொன்றரை மணி, அடுத்த குடும்பத்துக்கு ஒரு மணி, மூன்றாவதற்கு இரண்டரை என்று நாளைப் பிரித்தேன். மூன்று குடும்பமும் அன்றைக்குத் தாங்கள் மட்டும்தான் சோறு போடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்ததால் அன்று மத்தியானப் பாடத்துக்கும் முழுக்குப் போட்டுவிடுவோம்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்துவேன். முதல் பந்தியில் வயிறு முட்டத் தின்னக்கூடாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். யாராவது கேட்டால், முன்னாடி சாப்பிட்டதைச் சொல்லக்கூடாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், இன்னிக்கு எத்தன தடவ பசிக்கோணுங்க?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரித்த அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு தை அமாவாசைக்கு மூன்றாவது பந்தி ஒரு சோமனூர்க்காரப் பெண்ணுக்குப் போனது. முப்பது வயதுகூட இருக்காது. வீட்டோடு நாலு தறி, கூலிக்கு நெய்கிற குடும்பம். நாள் கேட்க வந்தபோது என் மேஜைக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யாருடைய நினைவாக என்று நான் கேட்காமலே சொன்னார்.

"என்ற பையனுக்குங்க. எட்டு வயசு. காலைல ஒப்பிட்டு வேணும்னு அழுதானுங்க. தீவாளி நோம்பிக்குச் சுடலாம்டான்னு அதட்டிப்போட்டேன். சோத்து வட்டல அப்படியே தள்ளிப்போட்டு, ஒரு வாய் திங்காம பள்ளிக்கோடம் போனானுங்க. ரோட்டைத் தாண்டறப்ப லாரி..." முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி, "கோவமாவே போயிட்டானுங்க" என்றார்.

அவன் கேட்ட ஒப்பிட்டை, பருப்புப் பூரணம் வைத்துத் தட்டிச் சுடுகிற அந்தப் போளியை, எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தன் கையாலேயே சுட்டு எடுத்து வரவேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைகள் தின்றால் அவன் தின்ற மாதிரி, அவன் கோபம் தீர்ந்த மாதிரி. இதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. கலங்கிய கண்ணோடுதான் இரண்டரை மணியை அட்டையில் எழுதினேன்.

அன்றைக்கு அவரும் புருஷனும் ஒரு டெம்போவில் அண்டாக்களோடு ஒன்றரை மணிக்கே வந்துவிட்டார்கள். உள்ளே இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. டவுனில் பெரிய குடும்பம், வெஜிடபிள் பிரியாணி, அதோடு ஐஸ்கிரீம். இவர்களை என் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, ஊர் சமாசாரம் எல்லாம் பேசினேன். எச்சில் இலைகள் பின்வாசல் வழியாகப் போயின. கூடத்தைக் கழுவித் தள்ளினார்கள். ஈரம் காயாத தரையைப் பார்த்து அந்தப் பெண், "எத்தன சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று என்னைப் புகழ்ந்தார்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவரே குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையிலும் ஒப்பிட்டு வைத்து மேலே நெய் விட்டார். ஒரு பிள்ளையும் வாயில் வைக்கவில்லை. பெரிய பிள்ளைகள் பிட்டுப் பிட்டு இலையிலேயே போட்டார்கள். சின்னதுகள் சுவரில் சாய்ந்துவிட்டன. "ஏஞ்சாமி, இனிப்புப் பத்தலீங்களா? ஒரு வாய் திங்கு கண்ணு" என்று அவர் இலை இலையாகக் கெஞ்சிக்கொண்டு போனார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி ஒரு விள்ளலைக் கஷ்டப்பட்டு விழுங்கி அப்படியே வாந்தி எடுத்தாள். அந்தப் பெண் தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து, சுற்றிலும் தள்ளி வைத்த இலைகளைப் பார்த்தார்.

புருஷனிடம் மெல்லத்தான் சொன்னார். "அவனுக்கு இன்னும் கோவம் போகலீங்க." எனக்குக் கேட்டுவிட்டது.

"பிள்ளைங்க இப்பத்தான் ரெண்டு தடவ சாப்பிட்டாங்க" என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த டவுன் குடும்பம் இன்னும் கிளம்பவில்லை, வாசலில் செயலாளரோடு பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் காதில் விழுந்தால் அடுத்த வருஷம் வருவார்களா? "பனிக்காலமுங்க, எல்லாத்துக்கும் சளி. சோறே எறங்க மாட்டேங்குது" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. தனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய ஒப்பிட்டை அண்டாவோடு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி கேட்டைத் தாண்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆனியில் அவரிடமிருந்து ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. ஆடி அமாவாசைக்கு இன்னொரு தடவை விடுவீர்களா, போன தடவை பக்குவம் தப்பிப்போயிருக்கும், இந்தத் தடவை நல்ல வெல்லமாக வாங்கிச் செய்கிறேன் என்று எழுதியிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைப் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம், பேப்பர்கூட எடுத்தேன். எழுதியது கைமாறிப் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு இரண்டு குடும்பங்களை வேண்டாம் என்று சொல்லி, ஆடி அமாவாசை முழுசையும் அவருக்கே கொடுத்தேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அதோடு விட்டேனா? இந்தத் தடவை பிள்ளைகள் தின்றே ஆகவேண்டுமே. முதல் நாள் சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, காலையில் டிபன் வேண்டாம், பால் கலக்காத டீ மட்டும் கொடுங்கள் என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "வளர்ற புள்ளைங்க வயித்துல அடிக்கிறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

பன்னிரண்டுக்கு வரவேண்டிய டெம்போ வழியில் பஞ்சராகி இரண்டு மணிக்கு வந்தது. அதற்குள் சின்னதுகள் சமையல்கட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டன. இலை போட்டதுதான் தாமதம், நெய் விடுவதற்குள் ஒப்பிட்டு காணாமல் போனது. இன்னொன்று, இன்னொன்று என்று கை நீட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பரிமாறினார். தூணோரமாக நின்று பார்த்த எனக்கு, எல்லாம் சரியாகிவிட்டது, நாமும் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது.

ஆனால் பிள்ளை பெற்றவர் அவர். இலையை வழித்து நக்குகிற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்ததும் கை நின்றது. பக்கத்தில் குந்தி, "காலைல என்ன கண்ணு சாப்பிட்ட?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் யாருக்கும் பாடம் நடத்தியிருக்கவில்லை. "ஒண்ணும் இல்லீங்க. நீங்க வாரீங்கன்னு டிபன் போடலீங்க" என்றாள் அவள்.

"ஏன் கண்ணு?"

"போன தடவ நாங்க திங்கலீங்கல்ல. அன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு ஊட்டுக்காரங்க சோறு போட்டாங்க. உங்குளுது மூணாவதுங்க."

அவர் எழுந்து என்னிடம் வந்தார். மற்ற எல்லாருக்கும் முன்னால் என்னைக் கிழிகிழி என்று கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். குரலைத் தாழ்த்தி, அதே மரியாதையோடுதான் கேட்டார். "ஏனுங்க மேடம், அப்ப அன்னிக்கு இதுங்களுக்கு வயிறு ரொம்பித்தான் திங்கலீங்களா? என்ற பையன் கோவிச்சுக்கலீங்களா?"

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு "ஆமாங்க". ஊரையே பேச்சால் மடக்குகிறவள் நான். என் வாயிலிருந்து வந்தது இது: "அம்மணி, இத வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. டோனருங்க காதுக்குப் போச்சுன்னா எல்லாம் கெட்டுப்போயிருமுங்க."

"நான் யாருகிட்டங்க சொல்லப்போறேன்" என்றார். அப்புறம், "ஆறு மாசமுங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் புருஷனிடம் போனார். அந்த மனிதர் அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. அவரும் இதைச் சுமந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ரச வாளியோடு வரிசையின் நடுவில் நின்றிருந்தார், பிள்ளைகள் சோற்றில் குழி பறித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஏனுங்க," என்றார் அந்தப் பெண், "அவன் கோவிச்சுக்கலீங்களாம்."

அவர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே, பிள்ளைகளுக்கு நடுவில், உட்கார்ந்து அழுதார்.