ரெங்கத்துக்குப் போன பழைய போன்

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் புது போன் வாங்கினால் பழையது அம்மாவுக்குப் போகும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் காதலனும் அப்படித்தான் செய்தான். மாசாய் ஊர்க் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"பழசு ஊர்ல, ரெங்கத்துல அம்மாகிட்ட இருக்கு. என் அக்கவுண்ட்டகூட எடுக்கல, என் போன்ல இருக்கற போட்டோலாம் அதுலயும் வரும். அவங்க சும்மா போட்டோதான் பாப்பாங்க."

இரண்டு மாதத்துக்கு முன்னால், அவன் மட்டும் பார்க்க ஒரு படம் அனுப்பியிருந்தேன். வயது இருபத்து நான்கு, விரும்பித்தான் அனுப்பினேன். பார்த்ததும் அழித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

"அந்தப் படம்?"

"அன்னிக்கே அழிச்சிட்டேன் லா. நம்ப மாட்டியா?"

நம்புவதாகச் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்த்தால் சந்தேகப் பேய் என்பான். அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து அவன் அம்மாவை முதல்முறையாகப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

ரெங்கத்தில் அவன் அம்மா சிரித்துத்தான் வரவேற்றார். அந்தச் சிரிப்பையே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனபோது பின்னாலேயே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். அந்தப் பழைய போனை என் கையில் வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்துட்டேம்மா. எனக்கு அழிக்கத் தெரியல. மகள கேட்டா அவ பாத்துடுவா. அதான் நீ வர்ற வரைக்கும் யாருக்கும் போன குடுக்கல."

அவமானத்தில் காது சுட்டது. படத்தை அழித்தேன். போனின் குப்பைத்தொட்டியிலும் தேடி அழித்தேன்.

"அவன் போன்லயும் போயிடுமா?"

"ஒரே அக்கவுண்ட்தான் ஆன்ட்டி. போயிடும்."

"போவட்டும்" என்றார். பிறகு எனக்குத் தேநீர் கலக்கினார்.

திரும்பும் வழியில் ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. அவன் போனைத் தள்ளித் தள்ளி எதையோ தேடினான். முகம் சுருங்கியது.

"நீ எதாச்சும் அழிச்சியா?"

"எத?" என்று கேட்டேன். அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்ன படத்தை அவன் எப்படிக் கேட்பான்?

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அவன் எண்ணை அன்றே நீக்கிவிட்டேன். அவன் அம்மாவின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.