அணுக்கருவின் நடுவில்

எனக்கு வாயடக்கம் போதாது. இருந்திருந்தால், பள்ளி இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாளில், பாடத்திலேயே இல்லாத அணுக்கருக் கூடுகளைப் பற்றிப் பேச்செடுத்திருப்பேனா?

அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில் ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். ஒரு தடவை பார்வையிட்டு, 'போதாது' என்று எழுதிவிட்டார்கள். இந்த இரண்டாவது பார்வையிடலிலும் தேறாவிட்டால் வேலை போய்விடும். அன்று காலை ஜாலான் புசார் சாலையிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும்போதே சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில்கூட ஏறவில்லை.

எலெக்ட்ரான் கூடுகளைக் கரும்பலகையில் வரைந்தேன். மொத்தம் 2, 10, 18 எலெக்ட்ரான் என்று கூடுகள் நிறைந்துவிட்டால் அணு எதனோடும் சேராமல் நிம்மதியாக இருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அணுக்கருவுக்குள்ளேயும் இப்படிக் கூடுகள் இருக்கு. அங்கே கணக்கு வேற. 2, 8, 20" என்று மேதாவித்தனமாகச் சேர்த்தேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், எலெக்ட்ரானை நடுவுல இருக்கிற அணுக்கரு இழுத்துப் பிடிக்குது. அணுக்கருவுக்கு உள்ளே, நடுவுல என்ன சார் இருக்கு?"

எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டரின் பேனா காத்திருந்தது.

"நடுவுல ஒரு சின்ன மையம் இருக்கும்மா. அதுதான் இழுக்குது" என்றேன். வகுப்பே நோட்டில் எழுதிக்கொண்டது.

"தயங்காம பதில் சொல்றீங்க" என்று இன்ஸ்பெக்டர் கைகுலுக்கிவிட்டுப் போனார். ஆனாலும் நிரந்தர நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் அந்தப் பெண் நூலகத்திலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள்.

"சார், நடுவுல ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு. புரோட்டானும் நியூட்ரானும் ஒண்ணையொண்ணு இழுக்குதாம். எல்லாம் சேர்ந்து இழுக்கிற அந்த இழுப்புலதான் ஒவ்வொண்ணும் நிக்குதாம்."

வாங்கி வாசித்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. இவள் இதைத் தலைமையாசிரியரிடம் காட்டினால் என்ன ஆகும்?

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிப் படித்தவன்தான்.

"உனக்கு இங்கிலீஷ் சரியாப் புரியலம்மா" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "ஆமா சார், நான் இங்கிலீஷ்ல கொஞ்சம் வீக்" என்று புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வகுப்பிலும் அவள் கை தூக்குவாளோ என்று பயந்துகொண்டே நின்றேன். ஆண்டு முடியும்வரை அவள் தூக்கவே இல்லை.