தோஹாவிலிருந்து ஐந்து மணி நேரம்

தோஹாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாலும், நாலு மணி நேரம். வாப்பா நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் மவுத்தான அன்று பின்னேரம் நான் விரல் மடித்துப் போட்ட கணக்கு இது. என் அண்ணன், நானா, தோஹாவில் வேலை செய்கிறார். அன்று அந்திக்கே ஒரு விமானம் இருந்தது. அதில் ஏறினால் காலையில் வீட்டில் நிற்பார்.

அடக்கம் செய்யாமல் ஜனாஸாவை வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்களில் நல்லதில்லை. மாமா பள்ளிவாசலில் பேசி, மறுநாள் நடுப்பகல் ளுஹர் தொழுகை வரை தவணை வாங்கி வந்தார். "அதுக்கு மேல கேக்க ஏலா மகள்" என்றார்.

பயணம் வருகிறவருக்கு மவுத்துச் செய்தி சொல்லாமல் மறைப்பது எங்கள் குடும்பப் பழக்கம். தனியாக அத்தனை தூரம் அழுதுகொண்டு வருவாரே என்று எனக்கும் பயம். அதனால் போனில், "வாப்பாக்குக் கொஞ்சம் சுகமில்ல நானா, உங்களப் பாக்கணுமாம். பதறாம வாங்க, இப்ப பரவாயில்ல" என்றேன். பொய் சொன்னால் உடனே பிடிபடுகிறவள் நான். அன்று மட்டும் நாக்குப் பிசகவில்லை. "சரி, வாறேன்" என்றார்.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எழும்பும்போது, நானாவை ஏற்றப் போன வான்காரர் விமான நிலையத்திலிருந்து அழைத்தார். அந்த விமானத்தில் வந்த எல்லாரும் போய்விட்டார்களாம், நானாவைக் காணவில்லையாம். உடனே நானாவுக்கு அழைத்தேன்.

போன் வேலை செய்யவில்லை. யாரோ பேஸ்புக்கில் போட்ட மவுத்து அறிவித்தலைப் பார்த்து எங்கேயாவது மயங்கி விழுந்து கிடக்கிறாரோ? அவருக்கும் நெஞ்சு வருத்தம் உண்டு. ஒரே நாளில் இரண்டு பேரையும் பறிகொடுக்கப் போகிறேனோ? உம்மா கேட்ட போதெல்லாம் "பாதையில வாறாங்க" என்றேன். எந்த வாகனம் நின்றாலும் ஜன்னலுக்கு ஓடினேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நானாதான். உயிரோடு இருக்கிறார் என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடுமுன் அவர் பேசத் தொடங்கினார்.

"தங்கச்சி, இப்பதான் கட்டுநாயக்காவுல எறங்கினேன். வாப்பாக்கு வீல்செயார் ஒண்டு கொண்டாந்தீக்கி. அந்தி பிளேன்ல ஸீட் இருந்திச்சி. நீ பரவாயில்லண்டு சொன்னதால அத விட்டுட்டு, கடைக்குப் போய் இத வாங்கிட்டு அடுத்ததுல வந்தேன். வாப்பா எப்பிடி ஈக்கிறாங்க?"

பின்னால் மாமா அவசரப்படுத்தினார். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நேரமாகிவிட்டது என்றார். நான் "நானா" என்றேன்.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் வீடு முழுக்க எழும்பியது. போனை மூட எனக்குத் தோன்றவில்லை.

"தங்கச்சி," என்றார் நானா, "அங்க யாரு மவுத்து?"