ஃபெயில் சாரின் விமானம்

ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் பரீட்சை வைப்பவராக இருந்த காலத்தில் அவருக்கு ஊர் வைத்த பெயர் ஃபெயில் சார். அந்தப் பெயரைக் கேட்டு அவர் கோபப்பட்டதே இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் செருகிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் கியர் மாற்றக் கொஞ்சம் தயங்கினாலும் போதும், "இறங்குங்க" என்பார். வயிற்றுப்பிள்ளைக்காரி, மறுநாள் வேலையில் சேர வேண்டியவன் என்றெல்லாம் பார்க்கிற பழக்கம் கிடையாது. அன்றைக்கு யார் யார் அழுதார்கள் என்பதை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். மனைவியும் கூடச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அன்றைய சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஆரம்பித்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும், ஃபெயில் ஆக்க ஆள் இல்லாமல் மனுஷன் தவித்துப் போனார். அதோடு நெஞ்சில் ஒரு பழைய முள் வேறு. மனைவியின் தம்பி விமானி. அவன் முதன்முதலாகத் தோளில் பட்டை வைத்த சட்டையோடு வீட்டுக்கு வந்து நின்ற நாளில் குத்திய முள் அது. "அவனுக்கு என்ன, பட்டனை அமுக்கினா அதுவே பறக்குது, அதுவே இறங்குது. கார் ஓட்டச் சொல்லிப் பாரு, தெரியும்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகி அவள் புறப்பட்டுப் போன கையோடு, அவள் அறையிலிருந்த கட்டிலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, அங்கே விமானத்தின் மூக்குப் பகுதியைக் கட்ட ஆரம்பித்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒட்டுப்பலகையை வளைத்துக் கூடு கட்டினார். உடைத்துப் போட்ட காரிலிருந்து இரண்டு இருக்கைகள் வந்தன. முன்கண்ணாடிக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் காட்டுகிற வானமும் ஓடுபாதையும் தெரிய மூன்று திரைகள். தலைக்கு மேல் வரிசை வரிசையாகச் சுவிட்சுகள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் பெயரை எழுத்தெழுத்தாக ஒட்டினார். அந்த மகளுக்கு அவர் ஒரு முக்காலிகூடச் செய்து கொடுத்தவரில்லை.

இடது இருக்கை அவருக்கு. வலது இருக்கை மனைவிக்கு. விமானம் இறங்கும்போது தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று சொல்வது அவள் வேலை. ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து. அந்த எண்களை இயந்திரமே சொல்லும். அவர் அதை அணைத்து வைத்திருந்தார். இயந்திரத்தைத் திட்டினால் அதற்கு உறைக்காதே. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எண்ணைச் சொல்வாள், திட்டு வாங்குவாள், எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். முன்னால் இருந்த, விமானத்தை ஏற்றி இறக்குகிற கைப்பிடியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. ஒரு தடவை தெரியாமல் கை வைத்துவிட்டாள். பழைய பரீட்சை அட்டையாலேயே விரல்களில் ஒன்று வைத்தார்.

ஆனால் இறக்குவார் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இறக்குவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தெருவில் இருப்பவர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒருநாள் அதைக் கைபேசியில் படம் பிடித்து மைத்துனனுக்கு அனுப்பினார். அவன் பதில் போட்டான்: நன்றாக இருக்கிறது அத்தான், படம்தான் கொஞ்சம் திக்குகிற மாதிரி இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, நேரிலேயே வந்து பார்க்கிறேன்.

பாராட்டெல்லாம் காற்றோடு போயிற்று. திக்குகிறது என்ற சொல் மட்டும் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. மறுநாளே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டு, விமானத்துக்கு மூளையாக இருந்த பழைய பெட்டியைத் தூக்கிவிட்டுப் புதிது போடச் சொன்னார். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே நீல விளக்கோடு காற்றாடிகள் சுற்றுகிற பெட்டி ஒன்றை அவள் கொண்டுவந்தாள். திரைகளை இணைத்து, சுவிட்சு ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. இனி அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே இறக்கிப் பார்த்தார். மனைவி ஐம்பது என்றாள். நாற்பது என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் சக்கரம் தரையில் மோதி, ஓடுபாதை சாய்ந்து, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அடுத்த தடவையும் அதே கதி. அதற்கடுத்த தடவை விமானம் துள்ளி எழும்பி, புல்வெளியில் போய்க் குப்புற விழுந்தது.

சந்தேகமே வேண்டாம், குற்றவாளி வலது இருக்கையில்தான் இருந்தாள். "நாக்கு என்ன தூங்குதா? நீ சொல்றதுக்குள்ள ஒரு பொணம் விழுந்துடும்" என்றார். போகிறபோது வருகிறபோதெல்லாம் எண்களை வேகமாகச் சொல்லிப் பழகச் சொன்னார். அடுத்த இரண்டு நாளும் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஐம்பதிலிருந்து பத்துவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் நின்று, "இன்னும் வேகமா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். நாக்கு வேகமானது. விமானம் விழுவது நிற்கவில்லை.

சனிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணை வரவழைத்து, ஓட்டைப் பெட்டியைத் தன் தலையில் கட்டிவிட்டதாகக் குதித்தார். அவள் புதியதை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பழையதை இணைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

"புதுசுல ஒரு கோளாறும் இல்ல சார். பழசுதான் மெதுவா ஓடியிருக்கு" என்றாள் அந்தப் பெண். "விமான நிலையம் கிட்ட வந்தா கட்டடம், விளக்கு எல்லாத்தையும் அது வரையணும். அதால முடியல. சமாளிக்கிறதுக்காக நேரத்தையே இழுத்து விட்டிருக்கு. அங்க ஒரு செகண்ட் ஓடுறதுக்குள்ள நம்ம கடிகாரத்துல ரெண்டு செகண்ட் ஓடிடுது."

"அப்ப இத்தனை வருஷமா நான் இறக்கினது?"

"நீங்க யோசிச்சு முடிக்கிறவரைக்கும் அது நின்னு நின்னு வந்திருக்கு சார்."

அவளுக்கு அவரைக் குத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. பழகினால் புதியதிலும் இறக்கிவிடலாம், சில மாதங்கள் ஆகும் என்று ஆறுதலாகவே சொன்னாள். மாதக் கணக்குக்கு எங்கே போவது? விடிந்தால் மைத்துனன் வந்து நிற்பான். வாசல் பக்கம் திரும்பாமலேயே, பழையதையே மாட்டி மேஜைக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னார். புதியது மேஜை மேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கட்டும், விளக்கு எரியட்டும் என்றார். எதோடும் இணைக்காத பெட்டி எதற்கு எரிய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மனைவியிடம், இதைப் பற்றித் தம்பியிடம் மூச்சு விட்டால் நடக்கிறதே வேறு என்றார். அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். நெட்டையான ஆள், அதிர்ந்து பேசமாட்டான். குனிந்துதான் கூட்டுக்குள் நுழைய முடிந்தது. நீல விளக்கைப் பார்த்து, "புதுசா அத்தான்?" என்றான். ஆமாம், இனி திக்காது என்றார். அவன் இருக்கைகளுக்குப் பின்னால் நின்றான். அக்கா வலது பக்கம் உட்கார்ந்து, பழைய நிதானத்தில் எண்களைச் சொன்னாள். விமானம் இறங்கியது, அதே வெண்ணெய். மைத்துனன் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பிறகு, "அருமை அத்தான்" என்றான்.

அதோடு எழுந்து வெளியே வந்திருக்கலாம். இவருக்கு எங்கே பொறுக்கும்? பட்டன் அமுக்குகிறவர்களைப் பற்றிய பிரசங்கத்தை ஆரம்பித்தார். உங்கள் ஆட்களுக்கு இந்தக் கை வருமா என்று கேட்டார். வராது அத்தான் என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு அக்காவிடம், நீ எப்போதாவது இறக்கியிருக்கிறாயா என்று கேட்டான்.

"அவளா? கைகால் உதறும்" என்றார் அவள் சார்பில்.

ஒரு தடவை உட்காரட்டுமே என்றான் தம்பி. முதலில் மறுக்கத்தான் நினைத்தார். பிறகு, அவள் விழுந்து நொறுங்கட்டும், தன் கையின் அருமை இவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. தாராளமாக எழுந்து இடம் மாறினார். எண்களைத் தானே சொல்வதாகவும் சொன்னார்.

சொன்னார். ஐம்பது என்பதைத் தாமதமாகச் சொன்னார். நாற்பதை முழுங்கிவிட்டார். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவள் அவள். உதட்டுக்குள் தானே எண்ணிக்கொண்டு, கைப்பிடியை மெல்ல இழுத்தாள். சக்கரம் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை.

"இறங்கிடுச்சா?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் கை தட்டினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் அவள் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. அதை அந்த நிமிஷமே பிடுங்கிவிட வேண்டும். வேறு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பெருசா சிரிக்காத. ஓடுறது பழைய பெட்டி. இதுல நேரம் பாதிதான் ஓடுது. பச்சைக் குழந்தை உட்கார்ந்தாக்கூட இறங்கிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மேஜை மேல் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியும் அத்தான்" என்றான் மைத்துனன். "நீங்க இறக்கும்போதே தெரிஞ்சுது."

கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். அவன் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும்தான் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் உட்கார்ந்தேன். இருந்தாலும் நல்லா இருந்துச்சு" என்றாள். கைப்பிடியை விடாமலே, இன்னொரு தடவை மேலே கொண்டுபோய் விடச் சொன்னாள். இந்தத் தடவை புதிய பெட்டியில். விழுந்தால் விழட்டும் என்றாள்.

மைத்துனன் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து கம்பிகளைப் பிடுங்கிப் புதியதில் மாட்டினான். பிறகு, "அத்தான், நம்பரை நான் சொல்றேன். கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?" என்றான்.

அவர் எழுந்து போய், அவன் நின்றிருந்த இடத்தில் நின்றார். உட்கார அங்கே மூன்றாவது இருக்கை கிடையாது. கட்டும்போது அதற்கு இடம் விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.