காலுக்கு ஒரு குழி

எங்கள் மருத்துவமனையில் என்னை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மலேசியாவில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. எனக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் நான் மிஸ்ஸிதான், அதில் மாற்றமே இல்லை. பிரிஞ்சாங் போகிற சாலையை விட்டு ஒதுங்கி ஒரு மேட்டில், ஓய்வு பெற்ற ராணுவக்காரர்களுக்கென்று நடக்கிற சின்ன இடம் அது. புண்ணுக்கு மருந்து கட்டுவோம், ஊசி போடுவோம், கிழவர்களிடம் திட்டு வாங்குவோம். வெட்டுவது, தைப்பது எல்லாம் மலைக்குக் கீழே பெரிய மருத்துவமனையில்தான்.

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து படுத்தாலும், "ஒங்க ஊர்க்காரராச்சே, நீயே பாத்துக்க" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரும் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தார். "கங்காணிகிட்ட ஏச்சு வாங்குறதுக்கு சார்ஜண்டுகிட்ட வாங்கிட்டுப் போறேன்னு பட்டாளத்துல சேந்தேன் லா" என்பார். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடியை மிதித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவர். மிச்சமிருந்த வலது காலைச் சர்க்கரை வியாதி தின்று கொண்டிருந்தது.

பாதம் கறுத்துவிட்டது. வாடை அறை முழுக்க வீசியது. டாக்டர் வந்து பார்த்து, காலை எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வது அவர் வேலை, சம்மதிக்க வைப்பது யார் வேலை? என் வேலை. கெஞ்சினேன், அதட்டினேன், "செத்துத் தொலைங்க போங்க" என்றுகூட ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"ஒரு காலு எல்லையில கெடக்கு. எந்தக் காடுன்னுகூட எனக்குத் தெரியாது. இதையும் கொண்டுபோய் எந்தக் குப்பையில போடுவீங்க?"

கட்டிலுக்கு அடியில் அவருடைய ஒற்றை பூட்ஸ் இருந்தது. அதைப் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் அவர் மனைவி வரும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்து அதைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை. இவர் மேலேயிருந்து, "மூக்குல இன்னும் கொஞ்சம் தேய்டி" என்று அதிகாரம் வேறு.

கடைசியில் வழி காட்டியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர். அவரும் பழைய பட்டாளம், அவருக்கும் ஒரு பாதம் போயிருந்தது. பிள்ளைகள் அந்தப் பாதத்தை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், கம்போங்கில், அவர்கள் கிராமத்தில், அவருடைய அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம். அதை மலாயில் சொல்லிவிட்டு, "என் கால் எனக்கு முந்திப் போய் இடம் பிடிச்சு வச்சிருக்கு" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, எனக்கும் அந்த மாதிரி செய்வீங்களா? தோட்டத்து இடுகாட்டுல, எங்கம்மா பக்கத்துல. அப்படின்னா வெட்டிக்கட்டும்."

"செய்யலாம் அங்கிள். கேட்டா குடுப்பாங்க."

"எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

கையெழுத்துப் போட்டார். நான் கீழே பெரிய மருத்துவமனைக்கு போன் அடித்து, காலை வீட்டுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஆம்புலன்ஸில் அனுப்பும்போது கூடப் போன பையனிடமும் சொன்னேன். அவர் மனைவியிடம் ஆயிரம் தடவை சொன்னேன். அந்த அம்மா புது வேட்டி ஒன்றை வாங்கி, மஞ்சளில் ஓரத்தை நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி தலை வாரியிருந்தார்.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மிஸ்ஸி, அவரு நல்லா இருக்காரு. கண்ணு முழிச்சிட்டாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால கேட்டேன். இல்லங்கிறாங்கம்மா. எரிக்கிறதுக்கு அனுப்பிச்சாச்சாம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்தையே கொளுத்தியிருப்பேன். உடனே அந்த வார்டுக்கு அடித்து, போனை எடுத்த நர்ஸை மலாயில் கிழிகிழியென்று கிழித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமிழில் பேசினாள். நம்ம பிள்ளை.

"அக்கா, நீங்க சொன்ன சேதி எங்க ஷிப்டுக்கு வரல. மலாய்க்காரங்கன்னா நாங்களே கேட்டுடுவோம், கால் வேணுமான்னு. நம்மாளுங்க கேக்க மாட்டாங்கக்கா. கேட்டாலும் பயந்துடுவாங்க, பேய் பிசாசும்பாங்க. அதான் நான் கேக்கல." அழுதுவிட்டாள்.

நான் யாரைப் போய்த் திட்டுவது, சொல்லுங்கள்? அவள் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் ஆட்களில் காலைக் கேட்டு நின்ற ஒருவரை என் இத்தனை வருஷ வேலையில் நானும் பார்த்ததில்லை. வெளியே காரிடாரில் புது வேட்டியோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள், உள்ளே காலைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள், நடுவில் ஒரு கதவு. அவ்வளவுதான் நடந்தது. போனை வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய?

அவர் இன்னும் கீழே பெரிய மருத்துவமனையில் இருந்தபோதே அந்த அம்மா ஒருநாள் பஸ் பிடித்து மேலே வந்தார். என்னிடம் ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்த பூட்ஸை எடுத்தார்.

"எதுக்கு ஆண்ட்டி இது?"

"அவருகிட்ட பொதச்சாச்சுன்னு சொல்லிட்டேன். குழியில எதையாச்சும் வைக்கணும்ல. வெறுங்குழிய எப்படிம்மா மூடுறது?"

வேட்டியை விரித்து பூட்ஸைச் சுற்றினார். "நீங்க சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு" என்றார். ஒத்தாசைக்கு யாரையும் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, தன்னந்தனியாக மண்வெட்டி பிடித்துத் தோண்டினாராம். நான் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. எனக்கு டூட்டி.

இரண்டு காலும் இல்லாமல் அவர் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்னுதும் போய் எடம் புடிச்சாச்சு" என்று மலாயில் பெருமை அடித்துக்கொண்டார். நான் மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் நச்சரிப்பு தொடங்கியது: குழியைப் பார்க்க வேண்டும். மழை என்றேன், புண் ஆறவில்லை என்றேன், வண்டி இல்லை என்றேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? புண்ணும் ஆறிவிட்டது, மழையும் விட்டுவிட்டது.

வெயிலடித்த ஒரு காலையில் மருத்துவமனை வேனில் கூட்டிப் போனோம். தோட்டத்து இடுகாடு ரோட்டை விட்டுக் கீழே, தேயிலைச் சரிவின் முடிவில் இருக்கிறது. சக்கர நாற்காலி அந்தச் சரிவில் இறங்காது. ரோட்டு ஓரத்திலேயே அவரை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா மட்டும் முந்தானையைச் செருகிக்கொண்டு கீழே இறங்கிப் போய், மாமியார் சமாதிக்குப் பக்கத்தில் சின்னதாக மேடு கட்டியிருந்த இடத்தில் சூடம் ஏற்றினார்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ்ஸி."

"என்ன அங்கிள்?"

"நான் வந்ததுலேருந்து எம் பூட்ஸு எங்கன்னு கேக்கவே இல்லியே, கவனிச்சியா?"

நாற்காலியின் பிரேக்கை இன்னொரு தடவை மிதித்து அழுத்தினேன்.

"கீழ பெரிய ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவே தெரியும். திரைக்கு அந்தாண்ட நின்னு அவ கால கேட்டு அழுதது என் காதுல விழுந்துச்சு. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டா." மூக்கை உறிஞ்சினார். "இதுவும் எங்கயோ போயிருச்சு. சரி விடு. அவகிட்ட சொல்லிடாத. பாவம், ஒத்தையாளா தோண்டியிருக்கா."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பரேட் மைதானத்தில் கத்துகிற மாதிரி கீழே பார்த்துக் கத்தினார். "நல்லா ஆழமாத் தோண்டுனியாடி? காட்டுப் பன்னி வந்து கெளறிடப் போவுது!"

"தோண்டுனேன், தோண்டுனேன்! பெரிசா பேச வந்துட்டாரு!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

அந்த அம்மா மூச்சு வாங்க மேலேறி வந்தார். கொண்டுவந்த திருநீற்றைப் புருஷன் நெற்றியில் பூசிவிட்டார். நாங்கள் இரண்டு பேருமாக அவரைத் தூக்கி வேனில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். சாத்தியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேட்டைத் தட்டிவிட்டு வந்த மண் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.

"நம்பிட்டாருல்ல, மிஸ்ஸி?"

"நம்பிட்டாரு, ஆண்ட்டி" என்றேன்.

அந்த அம்மா முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து நாற்காலியை மடக்கினேன்.