என் வீட்டைத் தப்பு என்ற இணையதளம்

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் கீழ்வீடு, அதன்மேல் மாடிவீடு, தெருவிலேயே முதலில் போட்ட போர்வெல், இரண்டு மகள்களின் கல்யாணம். இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கருவேல முள்ளாகக் கிடந்த இடத்தை வெட்டி, அஸ்திவாரக் குழியில் நானே இறங்கி நின்று கட்டிய வீடு இது. போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் இந்த வீட்டைத்தான் தப்பு என்றது.

மாடியில் மூன்று பெண்பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் வருடம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆன்லைனில் விண்ணப்பிக்கும் இணையதளத்தை, கல்லூரிப் போட்டிக்காக மாதிரியாகச் செய்தார்கள். அரசாங்கத்தினுடையது வேறு, இது இவர்களுடைய முதல் முயற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள்.

"தாத்தா, நீங்க நிரப்பிப் பாருங்க. ஈசியா இருக்கான்னு சொல்லுங்க."

ஒற்றை விரலால் பெயரை அடித்தேன், வயதை அடித்தேன். வீட்டு எண் கேட்டது. பழைய எண் 23, புதிய எண் 7ஏ, நடுவில் ஒரு சாய்கோடு. வரி ரசீதில் இருக்கிறபடியே அடித்தேன். கட்டம் சிவந்துபோனது. 'தவறான வீட்டு எண்' என்றது.

"எது ஆத்தா தப்பு? நான் நின்னு கட்டுன வீட்டை இந்தப் பொட்டி தப்புங்குதா?"

"கோவப்படாதீங்க தாத்தா. வீட்டைச் சொல்லல, நம்பரைத்தான் சொல்லுது" என்றாள் கண்ணாடி போட்ட பெண். "நம்பர் மட்டும்தான் எடுக்கும். சும்மா ஏழுன்னு போடுங்க."

"ஏழு பக்கத்து மாவு மில்லுத்தா. நான் அங்க போயி குடியிருக்கவா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கெளம்புங்கத்தா" என்று மூவரையும் தெருவுக்குக் கூட்டிப்போனேன். முனை வரைக்கும் கதவு கதவாகக் காட்டினேன். நகராட்சிக் காலத்து எண் ஒன்று, மாநகராட்சியில் சேர்ந்த பிறகு வந்த எண் ஒன்று. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் கூடவே ஏ, பி.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, கணக்கெடுப்பு வேலை கெடச்சிருச்சா?" என்று நக்கலடித்தார். அவரை விரட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்: "பழசுக்கு ஒரு கட்டம், புதுசுக்கு ஒரு கட்டம். எழுத்துப் போட்டாலும் எடுக்கணும். அம்புட்டுதான்." கண்ணாடிப் பெண் எல்லாக் கதவுகளையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

போட்டிக்கு நானும் போயிருந்தேன். சலவை வேட்டி, மூன்றாவது வரிசை. நடுவராக வந்த அம்மா தன் வீட்டு எண்ணை, பழையதும் புதியதுமாக, அடித்துப் பார்த்தார். தளம் ஏற்றுக்கொண்டது.

"மத்த டீம் எதுலயும் என் வீடு உள்ளயே போகல. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"கள ஆய்வு பண்ணினோம் மேடம்" என்றாள் கண்ணாடிப் பெண், மைக்கில். முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

கள ஆய்வாம்! அந்த வெயிலில் முன்னால் நடந்தவன் யார்? கதவு கதவாகத் தொட்டுக் காட்டியது யார் விரல்? தளத்தின் அடியில் நன்றிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பேராசிரியர், துறைத் தலைவர், நோட்டீஸ் அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை வரைக்கும் இருக்கிறது. மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினேன். நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

"நீங்க கோடிங் எதுவும் பண்ணலியே தாத்தா" என்றாள்.

"நீ பண்ணுனதுதானத்தா என் வீட்டைத் தப்புன்னுச்சு?"

படியேறிப் போய்விட்டாள்.

அடுத்து நாகமலை புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் காட்டப்போகிறார்களாம். அதற்குள் அந்தப் பட்டியலில் என் பெயர் ஏற வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குக் கீழே போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேராசிரியருக்கு அடுத்த வரியில், இனிஷியலோடு, 'வீட்டு எண்ணுக்கு இரண்டு கட்டம் கேட்டவர்' என்று போட வேண்டும்.